எண்ணூரில் ஒரு கழுவிய சுவர்

காலை 7.40. ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். எண்ணூருக்கு ஐந்து ரூபாய்ச் சீட்டு. மடியில் நுண்ணோக்கிப் பெட்டி. இரவெல்லாம் பெய்த மழை நின்றும் வெளிச்சம் வரவில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் எண்ணெய் வாடை ரயிலுக்குள் ஏறியது.

ஈரச் சுவர்களில் படரும் பாசியின் நுண்ணிலைகளைப் படமெடுப்பவன் நான். அரிசிமணியில் பாதிகூட இராத அந்த இலையில் செல்கள் ஒரே அடுக்கு. அறுக்காமலே உள்ளே பார்க்கலாம். சென்ற மழைக்காலத்தில், எண்ணூரில் மீன் விற்கும் அமுலு அக்காவின் பின்சுவரில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த பாசிக்குள் ஒவ்வொரு செல்லிலும் பச்சை மணிகள் நிறைந்திருக்கக் கண்டேன். கை ஆடி, படம் கலங்கிப்போனது. சாலைக்காக அந்தத் தெருவை இடிக்கப்போகிறார்கள். அடுத்த மழைக்குச் சுவர் இருக்காது.

நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ.

“பொட்டில இன்னா சார், பாம்பா?” என்றார் ஓட்டுநர்.

“நுண்ணோக்கி. பாசி பார்க்க.”

“பாசிக்கா ரயிலேறி வந்தே? எங்க வூட்டு பாத்ரூமுல அள்ளிக்கினு போ, துட்டே வாணாம்.”

அமுலு அக்கா புதுப் புடவையில், தலையில் பூவோடு காத்திருந்தார். பின்பக்கம் போனேன். பிளீச்சிங் பவுடர் நெடி. சுவர் வெளுத்துக் கிடந்தது.

“போட்டோ புடிக்க வர்றேன்னு போன் பண்ணியே நைனா. நேத்தே தேச்சு வுட்டேன். இடிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கிற படம், செவுரு கலீஜா இருந்தா நல்லாவா இருக்கும்?”

சுவரைப் படமெடுக்க வருவதாகத்தான் சொல்லியிருந்தேன். பாசி என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அடியில் ஒரு விரிசலில் சிறு கொத்து மிஞ்சியிருந்தது. இடுக்கியால் எடுத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நுண்ணோக்கியில் வைத்தேன். செல்களின் சுவர்கள் ஒழுங்காக நின்றன. உள்ளே பச்சை இல்லை, ஒன்றுமே இல்லை. அதையும் படமெடுத்தேன்.

அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்.

“வரிசையா வூடு கணக்கா கீதே. உள்ள யாரையும் காணோமே?”

“காலி பண்ணிட்டாங்க அக்கா.”

அவர் கண்ணை மாற்றி வைத்து மறுபடி பார்த்தார். பிறகு, “சரி, என்னை எடு” என்று முந்தானையைச் சரிசெய்து சுவரில் சாய்ந்தார். தோளில் வெள்ளைப் பொடி ஒட்டியது. இந்த முறை கை ஆடவில்லை.

பகல் வண்டியில் திரும்பினேன். ராயபுரம் நடைமேடைச் சுவரில் பாசி அடர்ந்து கிடந்தது. பெட்டியைத் திறக்கவில்லை.