அலுமாரிக்குள் பூட்டிய வைஃபை

கதவைத் திறந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு பத்து வருஷம் முடியப் போகிற காலம். டெலிபோன் வயரில் வருகிற இன்டர்நெட்டும், அதை வீடு முழுக்கக் கொடுக்கிற வைஃபை பெட்டியும் டவுன் வீடுகளுக்கு அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. ஒரு வியாழக்கிழமை காலையில் முதலாளி ஒரு விலாசத்தைக் கையில் கொடுத்தார். ஸ்டேஷனுக்கு மேலே, மழையில் பாசி பிடித்த படிகளில் ஏறிப் போனால் மாடி வீடு. கீழ்த்தட்டில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் போர்டிங். மேலே, ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவர். முடி நரைத்து, முன்பல் இரண்டு போயிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க மிஸ், உள்ள வாங்க," என்றார்.

அந்த 'மிஸ்' என்னைச் சுட்டது. ஏன் என்று சொன்னால்தான் விளங்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நோர்வூட்டைத் தாண்டி இருந்தது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வருகிற கடிதம் எதுவும் நேரே லயத்துக்கு வராது. எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். தபால் பையை அவிழ்ப்பவர் பெரிய கிளாக்கர். அவர் மனசு வைத்தால் கடிதம் வீடு வந்து சேரும். ஒருமுறை, பொழுது சாயும்வரை கொழுந்து எடுத்த அம்மாவுக்கு அவர் அரைப்பேர் போட்டுவிட்டார், பாதி நாள் வேலை என்று. அம்மா நேரே தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய்ச் சொன்னாள். துரை எல்லாருக்கும் முன்னால் அவரைத் திருத்தி எழுத வைத்தார். ஒரு கொழுந்துக்காரியால் தலை குனிந்ததை அந்த மனிதர் சாகும்வரை மறக்கப் போவதில்லை என்று அன்றைக்கே தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் வாயில் அம்மாவுக்குப் பெயரே கிடையாது. வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலில் அம்மாவின் நம்பர் நானூற்றுப் பதினேழு. ஆபீசிலும் அப்படித்தான் கூப்பிடுவார், தன் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் புல் வெட்ட வரச் சொல்லும்போதும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் எடுத்தார்கள். நான் விண்ணப்பம் போட்டிருந்தேன். நேர்முகத்துக்குக் கூப்பிடும் கடிதத்துக்காக அம்மா காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகும் முன்னால் தினமும் ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்பாள். அவர் தலை நிமிராமலே பதில் சொல்வார்.

"லயத்துக்கு என்னா அவசரக் கடுதாசி? வந்தா சொல்லி அனுப்புவோம். போ, போ."

கடைசியில் கடிதம் என் கைக்கு வந்தது. உறையில் நோர்வூட் தபால் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. முத்திரை குத்திப் பதினோரு நாள் ஆகியிருந்தது. நேர்முகம் முடிந்து நாலு நாள். ஒருவழியாகக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் அம்மா சொன்னாள். அப்படியும் நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். அங்கே இருந்த அதிகாரி பட்டியலைப் புரட்டிப் பார்த்து, அதெல்லாம் முடிந்துவிட்டது தங்கச்சி என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல மனிதர், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். என்னை மிஸ் என்று கூப்பிட வேண்டிய பிள்ளைகள் வேறு யாரையோ கூப்பிட்டார்கள். நான் கடைகடையாக வேலை பார்த்து, கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டேன். அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது அந்த மனிதர் எனக்கு முன்னால் நின்று, இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். எதற்கென்று பார்த்தால் அலுமாரியைத் திறக்கிறார். உள்ளே புடவைகளுக்கும் பழைய பைல்களுக்கும் நடுவில், குரோஷே துணி போர்த்தி, சாமி சிலையை வைத்த மாதிரி வைஃபை பெட்டி உட்கார்ந்திருந்தது. பின்பலகையில் ஓட்டை போட்டு வயர் இழுத்திருந்தார்.

"கீழ போர்டிங் பொடியனுக திருடுறானுக மிஸ். அதான் பூட்டியே வெச்சிருக்கேன். அப்படியும் எடுக்கிறானுக."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெட்டியை அலுமாரியில் பூட்டினால் சிக்னல் பூட்டப்படுமா? அதற்குப் பாஸ்வேர்டே போட்டிருக்கவில்லை. லேப்டாப்பில் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அவர் வைத்திருந்தது ஒரே ஒரு லேப்டாப், ஆனால் இணைந்திருந்தவை ஒன்பது. போர்டிங் முழுக்க அவர் தயவில் படம் பார்த்துக்கொண்டிருந்தது. மூடிய அலுமாரியில், துணிக்குள் வெந்து, பெட்டி அரை மணிக்கொரு தரம் தானாக அணைந்து எழும்பியது. டெலிபோனுக்கு மாட்ட வேண்டிய சின்ன பில்டர் மாட்டவில்லை, அதனால் போன் மணி அடித்தாலே நெட் அறுந்தது. மூன்றையும் சரி செய்யப் பத்து நிமிஷம் போதும்.

ஜன்னலோரம் நாற்காலியில் அவர் மனைவி இருந்தார். சீனி வியாதியில் கால் வீங்கிக் கட்டுப் போட்டிருந்தது. மகள் கனடாவில் என்றும், பத்து வருஷத்துக்குப் பிறகு பிள்ளை பிறந்திருக்கிறது என்றும் அவர்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பேர் வைத்துத் தொட்டிலில் போடுகிறார்கள், ஸ்கைப்பில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள், அதற்குள் சரியாகிவிடுமா என்று கேட்டார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் புருஷனைத்தான் பார்த்தேன். சாவிக் கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கை எத்தனை கடிதத்தை அமுக்கியிருக்கும் என்று நினைத்தேன்.

"பெட்டிய கடைக்குக் கொண்டு போகணும் ஐயா. கொழும்புலருந்து சாமான் வரணும்."

சாமானும் இல்லை, கொழும்பும் இல்லை. கடையில் என் மேசை லாச்சியில் பெட்டியைப் போட்டுப் பூட்டினேன். பதினோரு நாள். ஒரு நாள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று முடிவு செய்தேன். அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது, பொய் சொல்வானேன்.

அவர் தினமும் படியிறங்கி வந்தார். குடையை மடக்கிக் கவுண்டருக்கு முன்னால் நிற்பார். நான் தலை நிமிராமல், வந்தா சொல்லி அனுப்புவோம் ஐயா என்பேன். அப்படிச் சொல்லும்போது வாய் இனித்தது. அதே வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவருக்கு உறைக்கும் என்று எதிர்பார்த்தேன். உறைக்கவில்லை. சரி மிஸ், சரி மிஸ் என்று போய்விடுவார்.

திங்கட்கிழமை வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "நெட் கபேக்குப் போய் நான் பார்த்துட்டேன் மிஸ். பேரு வெச்சிட்டாங்க. வீட்டுல இருக்கவதான் பாக்கல, அவளால படி எறங்க முடியாதே."

எனக்குச் சப்பென்று போய்விட்டது. குறி தப்பிவிட்டது என்று தெரிந்தும் லாச்சியைத் திறக்கவில்லை. மீதி நாளாவது அலையட்டும் என்று விட்டேன். வீம்புதான், வேறென்ன.

பன்னிரண்டாம் நாள் காலையில் பெட்டியைக் கொண்டுபோனேன். அலுமாரிக்கு மேலே, காற்றுப் படும் இடத்தில் வைத்தேன். குரோஷே துணியை மடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். டெலிபோனுக்குப் பில்டர் மாட்டினேன். பெட்டியோடு வந்த பொதுவான உள்பாஸ்வேர்டை மாற்றினேன். இனி வைஃபைக்கு ஒரு பாஸ்வேர்ட் வேண்டும், குறைந்தது எட்டு எழுத்து. நான் அதை ஏற்கனவே யோசித்து வைத்திருந்தேன். அம்மாவின் நம்பரை முன்னால் ஒரு சைபர் போட்டு, இரண்டு தடவை அடித்தேன். 04170417. ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி அவர் முன்னால் வைத்துவிட்டு, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷம் அவர் கையால் எழுதிய நம்பர்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். "நல்ல நம்பர் மிஸ். சுலபமா ஞாபகம் வெச்சிக்கலாம்," என்று காகிதத்தை மனைவியின் மடியில் போட்டார்.

அவ்வளவுதான். நான் சுமந்து திரிந்ததில் ஒரு தூசுகூட அவர் மேல் படவில்லை. ஸ்கைப்பைப் போட்டதும் திரையில் மகள் வந்தாள், பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். அவர் திரைக்குள்ளேயே தலையை விடுகிற மாதிரிக் குனிந்து சத்தமாகப் பேச ஆரம்பித்தார். அந்த அம்மா பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த காகிதத்தை எடுத்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். என்னைக் கிட்டே வரச் சொல்லி, மெதுவாக என் அம்மாவின் பெயரைச் சொல்லி, அவ மகளா நீ என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"அந்தக் கடுதாசி எங்க வீட்டு ரேடியோப் பொட்டிக்குக் கீழதாம்மா கெடந்துச்சு. தெனமும் தொடைக்கிறப்பப் பாப்பேன். புல்லு வெட்ட வந்தப்ப நாந்தான் எடுத்து அவ கையில குடுத்தேன். தெரிஞ்சா இந்த மனுசன் என்னைய உசுரோட விட்டிருக்க மாட்டாரு. அதான் யாருக்கிட்டயும் சொல்லாதனு சத்தியம் வாங்கினேன். எனக்குத் தைரியம் வரப் பதினோரு நாளு ஆச்சு."

அம்மா அந்தச் சத்தியத்தை என்னிடம்கூட மீறவில்லை. பெட்டி கடையில் எத்தனை நாள் இருந்தது என்பதை அந்த அம்மா எண்ணிப் பார்த்துவிட்டார் என்று அவர் கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பேர் வைக்கிறதைப் பார்க்க ரொம்ப ஆசையா இருந்தேன் என்று மட்டும் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமையை எந்த ஆபீசில் போய்க் கேட்டு வாங்கி நான் அவருக்குக் கொடுப்பேன்?

நம்பரை மாற்றிவிடுகிறேன் அம்மா என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். புருஷனின் முதுகைப் பார்த்தபடியே சொன்னார்.

"மாத்தாத. தெனமும் அவரு கையாலயே அடிக்கட்டும்."

லேப்டாப் பாஸ்வேர்டை ஒருமுறை வாங்கினால் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். பேச்சு முடிந்ததும், ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது ஐயா என்று சொல்லி உட்கார்ந்தேன். ஞாபகம் வைத்துக்கொள்ளும் குறியை எடுத்துவிட்டேன். இனி ஒவ்வொரு தடவையும் கேட்கும். காகிதத்தை அந்த அம்மா மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த அம்மா இருந்தவரைக்கும் மாதம் ஒருமுறையாவது எதையாவது சாக்கு வைத்து அந்தப் படியேறினேன். பிள்ளையின் படங்களைப் பெரிதாக்கித் திரையில் காட்டுவேன். கிளாக்கர் மேல் இருந்த கோபம் ஒரு துளியும் குறையவில்லை. அவருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

வயசாகிவிட்டது, நம்பர் அடிக்கடி மறந்துபோகிறது. கடைக்குப் போன் எடுப்பார்.

"அந்த நம்பர் என்னா மிஸ்?"

நான் நிதானமாகச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். சரியாகக் கேட்கவில்லை ஐயா, இன்னொரு தரம் சொல்லுங்க என்பேன். இன்னொரு தரமும் சொல்வார்.