எட்டு மக்கில் பாதிச் சுவர்

பெயிண்டரம்மாவுக்குக் கை வேகம், வாய் அதைவிட வேகம். பத்து வருஷமாக அடுத்தவர் கீழேயே சுவருக்குப் பெயிண்ட் அடித்தவளுக்கு, அன்றுதான் முதல்முறையாக ஒரு சுவரைத் தனிப்பொறுப்பில் கொடுத்திருந்தார் இன்ஜினியர். பள்ளிக்கூட ஹாலின் நீளச் சுவர், எண்ணூறு சதுர அடி. சாயங்காலத்துக்குள் திட்டுத் தெரியாமல் முடித்தால் மாடி வேலை முழுக்க அவளுக்கு. இல்லையென்றால் பழையபடி எடுபிடிதான்.

வெள்ளை மூன்று பங்கு, நீலம் ஒரு பங்கு. கலவை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டின்னில் ‘ஒரு லிட்டருக்கு நூறு சதுர அடி’ என்று போட்டிருந்தது. "அப்போ எட்டு, அவ்வளவுதானே!" என்று தன் அரை லிட்டர் மக்கால் வெள்ளை ஆறு, நீலம் இரண்டு என்று அளந்து ஊற்றினாள்.

பாதிச் சுவரிலேயே வாளி காய்ந்துவிட்டது.

கூட வேலை செய்த நாத்தனார் சும்மா இருப்பாளா? "கலவையிலதான் கோட்டை விட்டுட்டீங்க அண்ணி. இனி புதுசா கலந்தா நிறம் மாறிடும், மானம் போயிடும்!"

"வாயை மூடுடி, யோசிக்க விடு."

ஏணியில் உட்கார்ந்தாள். வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஒரே மக். மக்கில் அளந்தாலும் வாளியில் அளந்தாலும் மூன்றுக்கு ஒன்று மூன்றுக்கு ஒன்றுதான். அது விகிதம், அதில் தப்பே இல்லை. ஆனால் டின்காரன் சொன்னது வேறு கணக்கு. ஒரு பக்கம் லிட்டர், மறுபக்கம் சதுர அடி. அது வீதம். அங்கே அளவையை மாற்றினால் எண்ணும் மாறும். லிட்டருக்கு நூறு என்றால் அவள் மக்குக்கு ஐம்பதுதான்.

"அடி என் மண்டையே! எட்டு மக்குன்னா நாலு லிட்டர்தானே! நானூறுதான் வரும். பாதிச் சுவர் சரியாத்தான் வந்திருக்குடி!"

கலவை சரியென்றால் இன்னொரு எட்டு மக் கலந்தாலும் அதே நிறம்தான். சந்தோஷம் தாங்காமல் நாத்தனாரின் கன்னத்தைக் கிள்ளினாள், நீலக் கையோடு.

ஐந்து மணிக்கு இன்ஜினியர் வந்தார். மூக்கு உரசுகிற மாதிரி சுவரோரமாகவே நடந்து பார்த்தார். ஒட்டுப்போட்ட இடம் அவர் கண்ணில் படவில்லை.

"மாடி இரண்டாயிரத்து நானூறு சதுர அடிம்மா. என்ன வேணும்னு நாளைக்குக் கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

"நாளைக்கு எதுக்கு சார்? இருபத்து நாலு லிட்டர். வெள்ளை பதினெட்டு, நீலம் ஆறு. காலையில ஏழு மணிக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்க, நான் ஆளோட வந்துடறேன்."