கீறல் ஜப்பானியம் பேசிய கதை

வாகன விளக்குத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘கீறல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முகப்பு விளக்கின் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கோடு விழுந்ததை ஒதுக்கி வைப்பது அவள் வேலை. நாள் முழுக்க “கீறல்... கீறல்” என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே அவளோடு ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைக் கணவர்கூடக் கோபம் வந்தால்தான் எடுப்பார்.

அவள் வரிசையில் முப்பது பெண்கள். கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன், ஆணியில் தொங்கும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வில்லை. ஒருத்தி அதை எடுத்துக்கொண்டு போனால், திரும்பி வரும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குப் பயந்து பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு அந்த வரிசையின் நிரந்தர ஊழியர். இயந்திரங்களுக்கு நேரம் தவறாமல் எண்ணெய் விட்ட நிர்வாகம், மனுஷியின் மூத்திரப்பையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்திருந்தது.

ஜப்பானிலிருந்து வந்த ஆலைத் தலைவர் மாதம் ஒருமுறை வரிசை வரிசையாக நடந்து வந்து, “ஏதாவது சிரமம் உண்டா?” என்று கேட்பார். நல்ல கேள்விதான். ஆனால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் டை கட்டிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றார். பெண்கள் மூச்சு வாங்க டோக்கன் கதையைச் சொன்னால், அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார். தலைவர் மகிழ்ந்து, குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்துவிடுவார்.

கீறலுக்குச் சந்தேகம் வந்தது. நிறுவனம் நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்து ஜப்பானியம் படித்தாள்; தேர்விலும் தேறினாள். அடுத்த முறை தலைவர் வந்தபோது காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மொழிபெயர்ப்பாளர் சொன்ன ஒரே வரி இதுதான்: “எல்லாம் சௌகரியம், மிக்க நன்றி என்கிறார்கள்.”

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

“படிச்சதெல்லாம் கண்ணுலயும் காதுலயும் நிக்குது. நாக்குக்கு இறங்கவே மாட்டேங்குது” என்று அன்று பேருந்தில் புலம்பினாள்.

“நல்ல நாள் பாத்து ஆரம்பிச்சிருக்கணும்க்கா” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “வாக்குக்குன்னு ஜாதகத்துல ஒரு கட்டம் இருக்காம்.”

“நாக்கு வெறும் தசைம்மா. வேலை கொடுத்தா பேசிட்டுப் போகுது. கிரகம் இறங்கி வந்து நம்ம பாத்ரூம் கதையைப் பேசப்போகுதா?”

வகுப்பு வழியாக ஒரு தோழி கிடைத்தாள். ஜப்பானில் ஒரு பல்பொருள் கடையில் பில் போடுகிறவள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு யாரிடமாவது அரட்டை அடிக்க வேண்டும் அவளுக்கு. தினமும் செல்பேசியில் முகம் பார்த்துப் பேசினார்கள். கால் வீக்கம், மேலாளரின் குரல், மழை, விலைவாசி என்று எதுவும் மிச்சமில்லை. கீறல் எவ்வளவு உளறினாலும் அந்தத் தோழி, “அருமையாகப் பேசுகிறீர்கள்” என்பாள். மரியாதை. கீறலுக்கு மரியாதை அலுத்துவிட்டது.

“கோடு கண்டுபிடித்துப் பிழைப்பவள் நான். என்னிடமும் கோட்டைக் கண்டுபிடியுங்கள்” என்று கெஞ்சினாள்.

தோழி சிரித்தாள். அதன் பிறகு தப்பு வந்த இடத்தில் பேனாவால் மேசையில் தட்டினாள். முதல் நாள் தகரக் கூரையில் மழை பெய்த மாதிரி இருந்தது. போகப் போகத் தூறலாயிற்று.

ஆனால் தொழிற்சாலையில் இந்த அமைதி ஏது? அங்கே இயந்திரம் இரையும், டை கட்டியவர் குறுக்கே விழுவார். அதற்கும் பழக வேண்டுமே என்று வீட்டில் ஒத்திகை வைத்தாள். கணவர் முடிதிருத்துகிறவர்; அன்றைக்குக் கடை விடுமுறை.

“நான் யாரா இருக்கணும்?”

“நீங்க ஆலைத் தலைவர். தலையை ஆட்டினா போதும்.”

“அது இந்த வீட்ல பழகினதுதானே.”

“அப்ப நானு?” என்று சமையலறையிலிருந்து மாமியார் வந்தார்.

“நீங்க மொழிபெயர்ப்பாளர், அத்தை. நான் பேசப் பேசக் குறுக்கே பேசணும்.”

அத்தையின் முகம் மலர்ந்தது. “இதுக்குப் போய் ஒத்திகையா?”

மிக்ஸி ஓடியது. கீறல் ஜப்பானியத்தில் தொடங்கினாள். “அவ ஒண்ணும் சொல்லலைங்க, சும்மா நன்றி சொல்றா” என்று அத்தை பாய்ந்தார். கீறலுக்குப் பேச்சு அறுந்தது. மறுநாளும் அறுந்தது. தினமும் நடந்தது இந்தக் கூத்து. சில வாரங்களில், “அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க” என்று தமிழில் ஒரு அதட்டல் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜப்பானியத்தைப் பிடித்துக்கொள்ளக் கற்றுவிட்டாள்.

தலைவர் வந்தார். கேட்டார். கீறல் எழுந்தாள். “ஐயா, எங்கள் வரிசையில் முப்பது பேர். கழிப்பறைக்கு ஒரு டோக்கன்...”

மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார். “இவர்கள் மிக்க நன்றி...”

“அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க.”

வாய்ப் பழக்கம். வரிசை முழுதும் திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. டை கட்டியவரின் காது சிவந்தது.

“என்ன சொன்னார்?” என்று தலைவர் கேட்டார். மொழிபெயர்ப்பாளரின் ஜப்பானியம் கீறலுடையதைவிட ஆயிரம் மடங்கு சுத்தம். இருந்தாலும் அந்த வரியை மொழிபெயர்க்க அவருக்கு மனம் வரவில்லை.

கீறலே சொன்னாள். “மாமியாரே, அமைதியாக இருங்கள் என்றேன். வீட்டில் அவர்தான் இவராக நடித்தார்.”

தலைவரின் உதட்டில் சிரிப்பு துடித்தது. “டோக்கன் என்றீர்களே?”

சொன்னாள். வழியில் எத்தனையோ கோடு விழுந்தது, நிற்காமல் சொன்னாள். தண்ணீர் குடிக்காததை, கடுப்பை, மருந்துக் கடையை, எல்லாவற்றையும்.

தலைவர் மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார். “இதை முன்பே சொன்னார்களா?”

“இன்றுதான் கேள்விப்படுகிறேன், ஐயா.”

“மாதாமாதம் சொன்னோம். உங்களுக்கு நன்றி மட்டும் வந்து சேர்ந்தது” என்றாள் கீறல்.

தலைவர் டோக்கன் தொங்க வேண்டிய ஆணியைப் பார்த்தார். ஆணி காலியாக இருந்தது. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.

“வேறு ஏதாவது உண்டா?”

“உண்டு. நான் இப்போதே போக வேண்டும். காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறேன்.”

மேற்பார்வையாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் குனிந்து வணங்கி, வழிவிட்டு ஒதுங்கினார். கீறல் கையை வீசிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து மேசைக்காரி எழுந்தாள், அப்புறம் இன்னும் இரண்டு பேர். மூடிகள் அவை பாட்டுக்கு வந்து குவிந்தன. வரிசை கொஞ்ச நேரம் நின்றது.