வந்து சேர்ந்த மெயில்

போர்ட் பிளேரில் எங்கள் டெய்ரி ஃபார்ம் தெருவில் ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று போன வாரம் நகராட்சிக்கு ஒரு மெயில் எழுதினேன். அனுப்பி மூச்சு விடுவதற்குள் பதில் வந்துவிட்டது. உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, பதில் எழுத வேண்டாம், இந்த முகவரிக்கு வரும் மடல்களை யாரும் படிப்பதில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து பார்த்தேன். காற்றுதான் வந்தது. மகள் வாங்கிக் கொடுத்த போன் என்பதால் அது சுவரில் மோதாமல் தப்பித்தது.

யாரும் படிப்பதில்லையாம்! அதைக் கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். ஒரு காலத்தில் இந்தத் தீவில் ஓர் அலுவலகத்தின் அத்தனை முகவரிகளுக்கும் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அந்தப் பட்டியலே என் கையில்தான் இருந்தது. பெருமை பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். கடைசிவரை கேட்டால் நீங்களே காறித் துப்புவீர்கள்.

அந்துருண்டை வாசனை வந்தால் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வரும். சர்வர் இருந்த அறை. கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முந்தைய காலம். மெயின்லேண்டுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய் வரலாம். திரும்பி வரும்போதும் அது போய்க்கொண்டிருக்கும். ஆனால் தீவுக்குள் ஓடும் மெயிலுக்கு எங்கள் சர்வரே போதும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் வியர்க்கும். கரப்பான்கள் சூடு தேடிப் பெட்டிக்குள் புகுந்து குடும்பம் நடத்தும். அதற்காக மூலைக்கு மூலை அந்துருண்டை போட்டிருந்தேன். வீட்டுக்குப் போனால், “பீரோவுக்குள்ள வேலை பாத்துட்டு வர்றீங்களா?” என்பாள் மனைவி.

என் வேலையில் முக்கால்வாசி அலையாஸ் பார்ப்பது. அலையாஸ் என்றால் பதவியின் பெயரில் ஒரு முகவரி. மெயின்லேண்டிலிருந்து வரும் அதிகாரிகள் இரண்டு வருடம் இருந்து, தேங்காயும் கருவாடும் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆள் மாறலாம், நாற்காலி மாறாது. அதனால் நாற்காலிக்கு ஒரு முகவரி கொடுத்து, அதற்கு வருவதை அப்போது அதில் உட்கார்ந்திருப்பவரின் மெயில் பெட்டிக்குத் திருப்பிவிடுவோம். ஒரு சாதாரணக் கோப்பு. இடப்பக்கம் பதவி, வலப்பக்கம் ஆள்.

இதில் ஒரு சங்கதி உண்டு. சர்வர் அந்தக் கோப்பைப் பார்க்காது. அதிலிருந்து தயாரித்த ஒரு தரவுத்தளத்தைத்தான் பார்க்கும். கோப்பில் பெயரை மாற்றிவிட்டு, ஒற்றைச் சொல்லில் ஒரு கட்டளையை அடித்தால்தான் தரவுத்தளம் புதிதாகும். அடிக்காதவரை கோப்பு ஒன்று சொல்லும், மெயில் வேறு ஆளுக்குப் போகும்.

இதை எங்கள் பிரிவுத் தலைவர் குமரேசன் சாருக்கு விளக்கினேன். போர்ட் பிளேரிலேயே பிறந்து, ஃபைலிலேயே வளர்ந்தவர். கண்கள் மின்னின. இடமாற்ற உத்தரவு வந்ததும் கோப்பில் எழுது, ஆனால் பொறுப்பு ஒப்படைத்ததற்கான சார்ஜ் ரிப்போர்ட் கைக்கு வரும்வரை கட்டளையை அடிக்காதே என்று விதி போட்டார். “காகஜ் வரட்டும் பாய், அப்புறம் அழுத்து.” உலகத்தில் எந்த மெயில் சர்வருக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்திருக்காது. அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்துக்கொண்டே கடைப்பிடித்தேன், மடையன்.

அந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் இடமாற்றங்களைப் பார்க்கும் அதிகாரி மாறினார். பழையவர் சார்ஜ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாமலே விமானம் ஏறிவிட்டார். காகிதம் தபாலில் அவரைத் துரத்திக்கொண்டு மெயின்லேண்டு போனது. புதியவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோப்பில் அவர் பெயர், தரவுத்தளத்தில் பழையவர் பெயர். மூன்று வாரம் ஒரு மெயில்கூட வரவில்லையே என்று புதியவர் கவலைப்பட்டாரா என்று கேட்காதீர்கள். மெயில் வராத அதிகாரியைப்போல் சந்தோஷமான ஆள் உண்டா?

அந்த மூன்று வாரத்துக்குள்தான் இடமாற்றக் கோரிக்கைகள் அனுப்பக் கடைசி நாள். மெயிலில் மட்டுமே அனுப்ப வேண்டும் என்று சுற்றறிக்கை. எங்கள் அலுவலக லட்சணம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரு காகிதப் பிரதியையும் யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிட்டார்கள். சுற்றறிக்கையை அப்படியே நம்பியது ஒரே ஒரு ஆள். ரங்கத் கிளையில் கிளார்க்காக இருந்த செல்வராணி.

செல்வராணியின் அப்பா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு முறை போர்ட் பிளேரில் டயாலிசிஸ். ரங்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, காட்டுச் சாலையில் வண்டிகளை வரிசையாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்து நின்று, படகில் வண்டி ஏறி இறங்கி அவர் வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. அதற்காகத்தான் அந்தப் பெண் போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்டார். பட்டியல் வந்தது. கேம்ப்பெல் பே என்று போட்டிருந்தது. அதற்குத் தெற்கே நமக்கு ஊர் என்று சொல்லப் பெரிதாக எதுவும் கிடையாது, அப்புறம் கடல்தான்.

கோரிக்கையை அனுப்பினேனே என்று அலுவலகத்துக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். விசாரணை என்று ஒன்று நடந்தது. குமரேசன் சார் அலையாஸ் கோப்பை அச்செடுத்து நீட்டினார். இதோ, வலப்பக்கம் புதியவர் பெயர். புதியவரோ தனக்கு எதுவும் வரவில்லை என்றார். ஆக, அந்தப் பெண் அனுப்பவே இல்லை. முடிந்தது விசாரணை.

நான் லாகைத் திறந்து பார்த்தேன். வருகிற, போகிற ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும். அதைத்தான் லாக் என்போம். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, ரங்கத்திலிருந்து வந்திருக்கிறது. பழையவரின் பெட்டியில் ஒழுங்காகச் சேர்ந்திருக்கிறது. அந்த வரியோடு குமரேசன் சாரிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார்.

“கட்டளைய யார் அடிக்கல? நீ. ஏன் அடிக்கலன்னு கேட்டா என் பேரைச் சொல்லுவ. நான் எழுத்துல ஏதாவது குடுத்திருக்கேனா? சோட் தோ பாய், விட்டுடு. உனக்கு வேலை இன்னும் பெர்மனன்ட் ஆகல.”

மறுநாள் சார்ஜ் ரிப்போர்ட் வந்தது. அழுத்து என்றார். அழுத்தினேன். தரவுத்தளம் மாறியது. பழையவரின் பெட்டியையும் நீக்கச் சொன்னார். நீக்கினேன். எழுதும்போதே விரல் கூசுகிறது. அவர் மேல் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் விசைப்பலகையில் இருந்தது அவர் விரல் இல்லை.

அந்த வாரமே செல்வராணி வந்தார். அப்பாவை டயாலிசிஸில் விட்டுவிட்டு நேராக என் அறைக்கு. தான் அனுப்பியதன் நகலை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதைக் குமரேசன் சார் ஏற்கெனவே, அனுப்பியதற்குத்தான் அத்தாட்சி, சேர்ந்ததற்கு இல்லை என்று தள்ளிவிட்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, “சார், நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. வந்துச்சா, வரலையா?” என்றார். குரலில் சண்டை இல்லை.

திரை என் பக்கம் திரும்பியிருந்தது. லாகைத் திறந்து, நிஜமாகவே தேடுகிறவன்போலத் தேடினேன். அந்த வரி வந்தது. “வரலைம்மா” என்றேன். வாயில் கொழுக்கட்டை இருந்திருந்தாலாவது பரவாயில்லை, வார்த்தை சுத்தமாக வந்தது.

“நாந்தான் எதையாவது தப்பா அடிச்சிருப்பேன் சார். உங்களுக்குத்தான் வீண் வேலை” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்! இதை நினைத்தால் எனக்கு என்மேல் வருகிற ஆத்திரம் வேறு எவன்மேலும் வந்ததில்லை.

கேம்ப்பெல் பேயில் டயாலிசிஸ் இல்லை. அப்பாவை போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் வண்டூரில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். யார் வீட்டிலோ இருப்பவரை வாரம் இரண்டு முறை யார் கூட்டிப் போவார்கள்? நடுவில் விட்டுப்போயிற்று. எட்டாவது மாதம் அவர் இறந்தார். கடல் சரியில்லை, கப்பல் கிளம்பவில்லை. மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கு வேலை பெர்மனன்ட் ஆயிற்று. குமரேசன் சாருக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, ரிட்டயர்மென்ட் விழா நடத்தினோம்; குழுப்படத்தில் நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். கேபிள் வந்தது. மெயில் எல்லாம் மெயின்லேண்டில் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. எங்கள் சர்வரைப் பழைய இரும்போடு இரும்பாக ஏலத்தில் எடுத்துப் போனார்கள். அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம்.

தண்ணீர்ப் புகாருக்கு அந்தப் பதில் வந்த மறுநாள் வண்டூருக்கு பஸ் ஏறினேன். செல்வராணி இப்போது அங்கேதான் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். என்னை அடையாளம் கண்டு, உட்காரச் சொல்லி, டீ கொடுத்தார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்த லாக் இப்ப இருக்குமா சார்?”

இல்லை என்றேன். நாலு வாரம்தான் வைத்திருக்கும், அப்புறம் சர்வரே அழித்துவிடும் என்றேன்.

“நான் வந்து ஸ்டூல்ல உக்காந்திருந்தனே, அன்னைக்கு இருந்துச்சா?”

“இருந்துச்சும்மா.”