சாம்பல் குவியலுக்கு நான் காவல்

திரிங்காப் ஊர்ப் பூந்தோட்டக்காரர்கள் பாதிப் பேருக்குப் பூக்கொட்டகை போட இரும்புச் சட்டம் அடித்துக் கொடுத்தது என் பட்டறைதான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள், அதிலும் பொம்பளை. ஆனாலும் எந்த இரும்புக்கு எந்த ஒட்டு என்று தெரியாவிட்டால், காலேஜில் படித்த பையன்கள் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. ஏழு வயதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் ஒரே ஒரு பகல் நின்று பார்த்ததுதான்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி, அவன் போட்ட அவசரகாலச் சட்டம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நாங்கள் கூலி ஜனம் இருந்த லைன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி. எந்த மிஷின் நின்றாலும், காட்டில் இருப்பவர்களுக்காக யாரோ வேண்டுமென்றே உடைத்தார்கள் என்றுதான் பேச்சு வரும். அந்த நேரம் பார்த்து, கொழுந்தை உருட்டிப் பிசைகிற ரோலரின் கை இரண்டாக உடைந்தது. அந்த மிஷினுக்குப் பொறுப்பு என் தாய்மாமா.

பட்டாள முகாமிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் கரண்டு வெல்டிங் மிஷினோடு வந்தான். “இது வார்ப்பு இரும்பு தொரை, கரண்டு ஒத்துக்காது” என்று மாமா சொன்னதைத் தோட்டத்து மேனேஜர் துரை காதில் வாங்கவில்லை. நீல வெளிச்சம் பறக்க, பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. மாமாவுக்கு டீ கொண்டுபோன நான்கூட சிப்பாயைத்தான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். சூடு ஆறும்போது டிக்கென்று ஒரு சத்தம். ஒட்டுக்குப் பக்கத்திலேயே விரிசல்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, மாமாவின் காதோரம் வந்தார். “நம்ம சிலிண்டர்ல கேஸு ஒரு தடவை ஒட்டத்தான் இருக்கு. நீ ஒட்டி அதுவும் ஒடஞ்சா, நீதான் கெடுத்தேன்னு தானா ராத்தா போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருவானுங்க. பேசாம ஒதுங்கிக்கடா.”

“ஒதுங்கினா மட்டும் விட்டுருவானுங்களா ஐயா? ஒட்டிட்டே போறேன்.”

மாமா பழைய ஒட்டைத் தேய்த்து எடுத்தார். கரி மூட்டி, ரோலர் கை முழுவதையும் அதில் வைத்துச் சூடாக்கினார். ஒட்டுகிற இடம் மட்டும் கொதித்து மற்ற இடம் குளிர்ந்திருந்தால் வார்ப்பு இரும்பு தன்னைத்தானே இழுத்து உடைத்துக்கொள்ளும். சிப்பாய் கோட்டைவிட்டது அங்கேதான். பிறகு கேஸ் தீயை எடுத்தார். உருக்கி ஒட்டுகிற கம்பியும் இரும்பு இல்லை, பித்தளை. அது குறைந்த சூட்டில் உருகும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். வெங்காரப் பொடி தூவத் தூவ, உருகிய பித்தளை தேன் மாதிரி விரிசலுக்குள் இறங்கியது. முடிந்ததும் அப்படியே சாம்பலில் புதைத்தார்.

அதற்குள் போலீஸ்காரர் வந்து அவரை ஆபீசுக்குள் கூப்பிட்டார், கேள்வி கேட்க. மாமா திரும்பிப் பார்த்தார். அங்கே நான்தான் இருந்தேன்.

“மெல்லத்தான் ஆறணும் புள்ள. காத்துப் பட்டா போச்சு. தொரையே வந்தாலும் தொட விடாத.”

துரையே வந்தார். மாடியில் வாடப்போட்ட கொழுந்து, ரோலர் ஓடாமல் கெட்டுக்கொண்டிருந்தது. பிரம்பை நீட்டிச் சாம்பலைக் கிளறப் போனார். நான் குறுக்கே பாய்ந்து கையை விரித்தேன்.

“தொடாதீங்க தொரை! மாமாதான் எடுக்கணும்!”

“யார் இந்தக் குட்டி? தள்ளிப் போ!”

“போவ மாட்டேன்!”

கிராணிக்கு வேர்த்துவிட்டது. துரை என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அஞ்சு மணி வரை. அப்புறம் நான் எடுக்கும்” என்று தன் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தோட்டத்தில் துரையை நிறுத்திய முதல் ஆள் நான்தான். இல்லையென்று யாராவது சொல்லட்டும், பார்க்கிறேன்.

ஐந்து மணிக்கு மாமாவை வெளியே விட்டார்கள். சாம்பலை விலக்கிச் சின்னச் சுத்தியலால் தட்டினார். கணீரென்றது. கையை மாட்டினார்கள், ரோலர் சுற்றியது. நான் கல்யாணமாகித் தோட்டத்தை விட்டு வரும்வரை அந்த ஒட்டு விடவில்லை.

என் பெருமையைச் சொல்ல லைனுக்கு ஓடினேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், மாமாவைப் போலீஸ் கூப்பிட்டதுமே கட்டிவைத்த ஒரு மூட்டை. மாமாவின் இரண்டு கைலி, கம்பளி, ஒரு புதுச் சவுக்காரக் கட்டி.

“மாமா ரோலர ஓட்டிட்டாரும்மா! எந்த ஊருக்குப் போறாரு? நானும் போவட்டா?”

அம்மா மூட்டையை மடிக்கு இழுத்தாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒவ்வொரு துணியாக உதறிக் கொடியில் போட்டாள். போட்டதையே மறுபடி எடுத்து உதறினாள்.

“நான் தொரையவே நிறுத்திட்டேன்” என்று மூன்று தடவை சொன்னேன். அவள் திரும்பவே இல்லை. ஊருக்குப் போகிற ஆசையும் போச்சு, என் வீரத்தைக் கேட்கவும் ஆளில்லை. அவள்மேல் கோபித்துக்கொண்டு அன்றைக்கு நான் சாப்பிடாமலே படுத்தேன்.