இடது பக்கம் ஒட்டிய இரண்டு எண்கள்

1. நின்றுகொண்டே சொன்னாள்

பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் எக்ஸெல் சொல்லிக்கொடுத்த காலம் அது. மாணவர்கள் தங்கள் ஃபைலை ஃப்ளாப்பியில் போட்டுக் கைப்பையில் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு சனிக்கிழமை மாலை ஜோசபின் என்ற மாணவி வந்தாள். சிஸ்டத்தின் முன்னால் உட்காரவில்லை.

"இன்னியோட நின்னுக்கறேன் மிஸ்," என்றாள்.

ஜோசபின் துணிக்கடையில் வேலை பார்த்தாள். பில்லிங்குக்கு மாற வேண்டும் என்று படிக்க வந்தவள். அவள் கணவர் அந்துவான் ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தார். கல்யாணமானதிலிருந்து குருசுக்குப்பத்தில் அந்துவானின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீடு, ஒரே அடுப்பு. இப்போது அண்ணனின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஜோசபினும் அந்துவானும் வேறு வீடு பார்க்க வேண்டியதாகிவிட்டது. முத்தியால்பேட்டையில் ஒரு வீடும் அமைந்தது. ஆனால் தனிக்குடித்தனத்துக்கு வாரம் எவ்வளவு ஆகும் என்று இருவருக்கும் தெரியாது. அதுவரை ஒரு தொகையை அண்ணியிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தவர்கள்.

அதனால் அவளுக்கு அதையே பயிற்சியாகக் கொடுத்திருந்தேன். அந்துவானுக்குச் சனிக்கிழமைதோறும் சம்பளம் என்பதால் வாரக் கணக்கு. மேலே வரவு, கீழே வாடகை, அரிசி, மீன், பால், கேஸ், மகளின் ஸ்கூல் ஃபீஸ், பஸ். மாதத்துக்கு ஒருமுறை வருவதையும் வருடத்துக்கு ஒருமுறை வருவதையும் வாரத்துக்குப் பிரித்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை காலியாக இருந்தது. குடிபோன பிறகு உண்மையில் ஆன செலவை அதில் ஏற்ற வேண்டும். கடைசிச் செல்லில் மிச்சம் வரும். குறைந்தால் சிவப்பாகக் காட்டும்படி செய்திருந்தோம்.

சிவப்பாகத்தான் காட்டியது. வாரத்துக்கு முந்நூற்று நாற்பது ரூபாய் குறைந்தது. மீனைக் குறைத்தாள், காபியைக் குறைத்தாள், அப்போதும் சிவப்பு. அந்துவான் அதைப் பார்த்துவிட்டு கத்தாருக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டார். இரண்டு வருட ஒப்பந்தம். பாஸ்போர்ட் ஏஜென்ட்டிடம் போய்விட்டது. திங்கட்கிழமை அட்வான்ஸ் கட்ட வேண்டும். அவர் போய்விட்டால் வீட்டையும் மகளையும் பார்த்துக்கொண்டு மாலை வகுப்புக்கு வர முடியாது என்றாள். மகளுக்கு இன்னும் விஷயம் தெரியாதாம்.

கணக்கு நான் கற்றுக்கொடுத்தது. அது அவரைக் கத்தாருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது.

2. பிரிண்ட்

போகும் முன் ஒரு பிரிண்ட் கேட்டாள். அண்ணனிடம் காட்ட வேண்டுமாம். அவர் ஏன் கத்தாருக்குப் போகிறார் என்று அவர்களுக்கும் தெரியட்டும் என்றாள். சென்டர் முதலாளியை எல்லோரும் முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், நேரத்தில் கறார். கடியாரத்தைப் பார்த்துவிட்டு, "பிரிண்ட் ஒண்ணுக்கு அஞ்சு ரூபா. அடுத்த பேட்ச் கீழ நிக்குது," என்றார்.

ஃபைலைத் திறந்து பிரிண்ட் ப்ரிவியூ கொடுத்தேன். முழுப் பக்கமும் சின்னதாக ஒரே பார்வையில் தெரிந்தது. எண்கள் எல்லாம் வலது ஓரமாக ஒரே கோட்டில் நின்றன. வரவில் இரண்டு மட்டும் இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தன.

ப்ரிவியூவை மூடிவிட்டு அந்தச் செல்களைப் பார்த்தேன். ஓவர்டைம் 300/-. ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் கடை வேலை 250/-.

"இத யாரு டைப் பண்ணது?" என்று கேட்டேன்.

"அவருதான் மிஸ். அன்னிக்குக் கூட வந்தாரில்ல, அவரு வரவ அவரே போட்டாரு."

ஸ்டோர்ஸில் தினமும் பில் எழுதுகிற கை. தொகைக்குப் பின்னால் அந்தச் சாய்கோட்டையும் சின்னக் கோட்டையும் போடாமல் அவரால் எழுத முடியாது. காகிதத்தில் அது சரி. எக்ஸெல்லுக்கு எண்ணோடு அந்தக் குறி சேர்ந்தால் அது எண் இல்லை, எழுத்து; எழுத்தை அது இடது பக்கம் நிறுத்தும். சம் ஃபார்முலா எழுத்தைக் கூட்டாது, விட்டுவிட்டுப் போய்விடும். தப்பு என்றும் சொல்லாது. அவரது ஓவர்டைமும் ஞாயிற்றுக்கிழமையும் கணக்கிலேயே வரவில்லை.

அந்துவான் கீழே சைக்கிளோடு நின்றிருந்தார். மேலே கூப்பிடச் சொன்னேன். அவர் வந்ததும் அவரையே அந்தக் குறிகளை அழிக்கச் சொன்னேன். ஒரு விரலால் அழித்து என்டர் தட்டினார். எண் வலது பக்கம் நகர்ந்தது, சிவப்பு குறைந்தது. இரண்டாவதையும் தட்டினார். 210 என்று கறுப்பில் வந்தது.

நான் ஒரு தாளில் கையாலும் கூட்டிக் காட்டினேன். அதே 210.

அந்துவான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் போவ வேணாம்ல?"

கேள்வி என்னைப் பார்த்து இல்லை. ஜோசபின் மௌஸை வாங்கி சேவ் கொடுத்தாள், மறுபடியும் கொடுத்தாள், இன்னொரு தடவையும் கொடுத்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முசே எட்டிப் பார்த்தார், என்ன ஏது என்று கேட்கவில்லை. கீழே போய் அடுத்த பேட்சை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். பிரிண்டுக்கு ஐந்து ரூபாயை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்.

3. அதற்குப் பிறகு

இருநூற்றுப் பத்து பெரிய தொகை இல்லை. காய்ச்சல் வந்தால் போய்விடும், ஓவர்டைம் இல்லாத வாரமும் வரும். அதையும் அன்றே சொன்னேன். 'அவசரத்துக்கு' என்று ஒரு வரி சேர்த்து அதில் பாதியை ஒதுக்கினோம். திங்கட்கிழமை அந்துவான் ஏஜென்ட்டிடம் போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிட்டார். முத்தியால்பேட்டை வீட்டில் பால் காய்ச்சினார்கள். நானும் போனேன்.

ஜோசபின் கோர்ஸை முடித்தாள். சனிக்கிழமைதோறும் பக்கத்து நெடுவரிசையில் உண்மைச் செலவை ஏற்றினாள். சில வாரம் சிவப்பு வந்தது. வந்தால் அடுத்த வாரம் எதைக் குறைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு அதே துணிக்கடையில் பில்லிங்கில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வந்த ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் நாளே இதைச் செய்ய வைத்தேன். ஒரு செல்லில் 250, அடுத்ததில் 250/-, கீழே கூட்டல். 250 என்றுதான் வரும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். இப்போது கற்றுக்கொடுக்க வருகிறவர்களுக்கும் சொல்வது இதுதான். டோட்டலைப் பார்த்து முடிவெடுக்கும் முன், அதற்கு மேலே உள்ளவை எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். பார்க்காமல் யாரையும் ஊரைவிட்டு அனுப்பாதீர்கள்.