ஆளில்லா வளவுகளில் மரவள்ளி

வவுனியா பஸ்ஸிலிருந்து இறங்கிய பூமணி அக்காவின் மருமகன், சந்தியில் நின்ற என்னிடம் நேராக வந்தார். "அத்தை போயிட்டாங்கக்கா. காய்ச்சல் எறங்கவே இல்ல" என்றார். உடலைக் கண்டாவளைக்குக் கொண்டுவரத் துணிந்த வாகனம் எதுவும் கிடைக்காமல், மகளோடு அவர் இருந்த வவுனியாவிலேயே அடக்கம் முடிந்துவிட்டதாம். ஒரு பிடி மண் போடவும் நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதனால்தான் இன்று வாசிகசாலையில் கூடியிருக்கிறோம்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு எரிந்தபோது, வயதுக்கு வந்த மகளோடும் ஒரு துணிமூட்டையோடும் இங்கு வந்தவர் அவர். கணவர் முன்பே இறந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேறிய எங்கள் வயல்களில் களை பிடுங்கினார், கதிர் அறுத்தார். அவர் என்னைத் தங்கச்சி என்றார்; அப்படியே அக்காவும் ஆனார்.

சண்டை முற்றிய அந்த வருடத்துக் காலபோக நெல் விதைப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உரம் வவுனியாவைத் தாண்டி வரவில்லை. டீசல் இல்லாமல் உழவு இயந்திரங்கள் கொட்டிலில் கிடந்தன. மாடு கட்டி உழுது விளைவித்த நெல் முற்றி நின்றபோது, ஒரு காலை ஹெலிகொப்டர் தாழப் பறந்து வயலைச் சுட்டது. அது போனதும் ஓடிப் பார்த்தோம். கிளிகளை விரட்ட நான் நட்ட வெருளி, என் கணவரின் வெள்ளைச் சட்டையோடு முகங்குப்புறக் கிடந்தது. முதுகெல்லாம் துளைகள். உள்ளே வைக்கோல் புகைந்தது. இவர் குனிந்து தன் சட்டையின் துளைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார்.

பிறகு எவரும் வயலில் இறங்கவில்லை. காற்றடித்தால், முற்றிய மணிகள் உதிரும் ஓசை வீடுவரை தூறல் போலக் கேட்கும். வெளியே வந்து பார்த்தால் வானம் வெளித்திருக்கும்.

குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திவிட்டுப் போயின. அரிசிப் பானைகள் காலியாகின. அப்போதுதான் பூமணி அக்கா ஒரு கட்டு மரவள்ளித் தடியோடு என் வாசலுக்கு வந்தார்.

"நெல்லு நிமிந்து நின்னு ஆளக் காட்டிக் குடுத்துரும் தங்கச்சி. கெழங்கு மண்ணுக்குள்ள மூச்சுக் காட்டாம கெடக்கும்."

நடுவதற்கு அவர் தேர்ந்தது, ஆட்கள் விட்டுப்போன வீட்டு வளவுகளை. மாமரங்களும் பலாமரங்களும் மேலிருந்து பார்ப்பவர் கண்ணை மறைக்கும். ஒவ்வொரு வளவின் வாசல் படலையிலும் நின்று, "அம்மா, பூமணி வந்திருக்கேன்" என்று கூப்பிட்டு, சற்றுப் பொறுத்துத்தான் உள்ளே கால் வைப்பார்.

"ஆரும் இல்லாத வீட்டில ஆரைக் கூப்பிடுறீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"ஆளில்லாட்டியும் வாசல் இருக்குல்ல."

மரவள்ளி சன்னல்களுக்கு மேலே வளர்ந்தது. அதற்குள் நடந்தால் வீடு எந்தப் பக்கம் என்றே தெரியாது. காற்றில்லாத நேரத்திலும் எங்கோ ஓர் இலை அசையும். வாய்க்காலோர வீட்டில் மட்டும் சில செடிகள் ஏற்கெனவே பிடுங்கப்பட்டு, மண் பதமாக மூடப்பட்டிருந்தது. பன்றி மண்ணை மூடாது.

ஒரு நண்பகலில் அந்த வீட்டுப் படலையில் நின்று அக்கா வழக்கம்போலக் கூப்பிட்டார்.

"ஓம், வாங்கோ" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

என் கையிலிருந்த, கிழங்கு தோண்டும் அலவாங்கு விழுந்தது. அக்கா கடகப்பெட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டு நடந்தார். சாத்திய அறைக்குள், தாடி மண்டிய முகத்தோடு, வீட்டுக்காரர் செல்லத்துரை அண்ணர் கதிரையில் உட்கார்ந்திருந்தார். இடம்பெயர்ந்து போன வழியில் மனைவியைப் பறிகொடுத்தவர், யாரும் அறியாமல் திரும்பி வந்திருந்தார்.

"ஒவ்வொருக்காலும் கூப்பிட்டனீங்கள், கேட்டனான்" என்றார். "பதில் சொன்னா அவள் இல்லாமல் நான் மட்டும் இருக்கிறன் எண்டு ஆயிடும். அதுதான் வாய் திறக்கேல்லை."

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. கைகட்டி நின்று, "ஒங்க வளவுல கேக்காம நட்டுட்டேங்க. பிடுங்கிக்கவா?" என்று உத்தரவு கேட்டார்.

அவர் எழுந்து, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்து, விழுந்து கிடந்த அலவாங்கை எடுத்தார். அன்று அவர் தோண்டிய கிழங்கை ஏழெட்டு அடுப்புகளில் அவித்தோம். இப்போது அவர் உங்களோடு முன்வரிசையில் இருக்கிறார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எந்த வளவிலும் கடைசிச் செடியை அவர் தொட மாட்டார். "வீட்டுக்காரங்க வந்தா திங்க எதாச்சும் இருக்கணும்" என்பார். அவர் வவுனியாவுக்குப் போன பின்பும் நான் தொடவில்லை. சில செடிகள் தண்டு மரமாகி, கூரையைத் தாண்டி நிற்கின்றன. கிழங்கு வேராகிப்போயிருக்கும். அந்த வீடுகளுக்கு இன்னும் யாரும் வரவில்லை.